இடுப்பில் மட்டும் பிடித்துத் தைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. உச்சிப்புளி பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். உயரம் 152 சென்டிமீட்டர். கை, கால் எல்லாம் ஒல்லிதான், வயிறு மட்டும் 37 இஞ்ச். இரண்டு பிள்ளைகளும் ஆபரேஷனில் பிறந்தவர்கள். போன மாதம் ராமநாதபுரம் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து, "மாசமா இருக்கீங்க, உக்காருங்கக்கா" என்று இடம் கொடுத்தாள். உட்கார்ந்துவிட்டேன், வேறு என்ன சொல்வது? அன்று இரவே 1,499 ரூபாய் கட்டி, வாட்ஸ்அப்பில் வந்த '28 நாள் தொப்பை டயட்'டில் சேர்ந்தேன். சோறு கூடாது, மீன் கூடாது. ஓட்ஸ், வெள்ளரிக்காய், அவர்கள் அனுப்பும் ஒரு பொடி. 64 கிலோ இருந்தவள் பத்து நாளில் 61 ஆனேன். முகம் ஒடுங்கிவிட்டது, வயிறு அப்படியே நிற்கிறது. மாமியார் கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கடல்பாசி என்கிறார். வயிற்றை மட்டும் குறைக்கும் சாப்பாடு உண்மையிலேயே இருக்கிறதா? எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்ததில்லை. அம்மாவுக்கு உண்டு.

பதில்:

அன்புள்ள சகோதரி,

ராமநாதபுரம் பஸ்ஸில் யாராவது இடம் கொடுத்தால் காரணம் கேட்காமல் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அதில் தப்பே இல்லை. அன்று இரவே பணம் கட்டியதுதான் அவசரம்.

கேட்டதற்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றை மட்டும் தேடிப் போய்க் குறைக்கிற சாப்பாடு கிடையாது. கொள்ளும் இல்லை, பாசியும் இல்லை, பொடியும் இல்லை. ஆனால் இதோடு நிறுத்தினால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். மீதிப் பாதி கொஞ்சம் நல்ல செய்தி, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ஜாக்கெட் இடுப்பில் தொளதொளவென்று இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த இடத்தில் மட்டும் அரை இஞ்ச் பிடித்து ஒரு தையல் ஓட்டிவிடுவீர்கள். தோளும் கையும் அப்படியே இருக்கும். தொப்பை டயட் விற்கிறவர்கள் உடம்பையும் அப்படிப் பிடித்துத் தைக்கலாம் என்று சொல்கிறார்கள். உடம்பு துணி மாதிரி இல்லை, நம் பக்கத்துக் கண்மாய் மாதிரி. எந்த மடையைத் திறந்தாலும் மொத்தக் கண்மாய்க்கும்தான் தண்ணீர் மட்டம் இறங்கும். ஓரம் முதலில் காயும், பள்ளம் கடைசியில் காயும். எது ஓரம், எது பள்ளம் என்பது கண்மாய் வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. உடம்பில் அதை முடிவு செய்வது பரம்பரையும் வயதும் ஹார்மோனும்.

உள்ளே நடப்பது இதுதான். சாப்பாடு குறைந்தாலோ வேலை கூடினாலோ, 'சேமித்ததை எடு' என்ற சேதி ஹார்மோன் வழியாக ரத்தத்தில் போகிறது. ரத்தம் எல்லா இடத்துக்கும் போவதால் சேதியும் எல்லா இடத்துக்கும் போகிறது. அங்கங்கே இருக்கும் கொழுப்புச் செல்கள் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகின்றன. அதைத் தசை எரிக்கிறது. தொடைத் தசை எரிக்கிற கொழுப்பு தொடையில் இருந்து வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கன்னத்தில் இருந்தும் வந்திருக்கலாம். உங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது.

டென்னிஸ் ஆடுகிறவர்களை வைத்து 1971-ல் ஓர் ஆய்வு வந்தது. மட்டை பிடிக்கிற கை வருஷக்கணக்கில் உழைத்த கை. இன்னொரு கை சும்மா இருந்த கை. உழைத்த கையில் தசை பெருத்திருந்தது. தோலுக்கு அடியில் கொழுப்பு மட்டும் இரண்டு கையிலும் ஒரே கனம்தான். தரையில் படுத்து வயிற்றை மடக்கி மடக்கி எழுந்திருக்கும் பயிற்சியும் இதே கதைதான். வயிற்றுத் தசை பலப்படும், அதன் மேல் இருக்கும் மெத்தை கரையாது.

உணவிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 811 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பு கூடுதல், இன்னொன்றுக்குப் புரதம் கூடுதல், மற்றொன்றுக்கு மாவுச்சத்து கூடுதல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டு வருஷம் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. எடை எல்லாப் பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் குறைந்தது. அவர்களில் பலரை ஸ்கேன் செய்தபோதும், இந்த டயட் வயிற்றைக் கூடுதலாகக் குறைத்தது என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் பத்து நாளில் போன அந்த 3 கிலோ என்ன? பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் அவசரத் தேவைக்கென்று அரை கிலோ அளவுக்கு மாவுச்சத்து சேமிப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் அந்தச் சேமிப்பு தீர்ந்து, தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். தராசு முள் இறங்கும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். மறுபடி ஒரு வாரம் சோறு சாப்பிட்டால் அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். வந்தால் பதறாதீர்கள், அது கொழுப்பு இல்லை. எனக்குக் கவலை தருவது வேறு: மீனையும் நிறுத்திவிட்டீர்கள். புரதம் இல்லாமல் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். முகம் ஒடுங்கி, உடம்பு அசதியாக இருக்கிறது என்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தனியார் மருத்துவமனையில் 'தட்டை வயிறு சார்ட்' என்று ஒரு தாளை அச்சடித்து வைத்திருந்தோம். சாதாரண எடை குறைப்புச் சார்ட்டுக்கும் அதற்கும் தலைப்பு மட்டும்தான் வித்தியாசம். தலைப்பை மாற்றியதும் கேட்டு வாங்கிப் போனவர்கள் இரண்டு மடங்கு ஆனார்கள். நானும் நூற்றுக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்த பெண்கள், "வயிறு போகவே இல்லையே" என்று தங்களைத்தான் நொந்துகொண்டார்கள். தாளை யாரும் குறை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

சரி, இப்போது அந்த நல்ல செய்திக்கு வருகிறேன்.

'வயிற்றுக் கொழுப்பு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சரக்கு. கையால் கிள்ளினால் வருகிறதே, அது தோலுக்கு அடியில் இருப்பது. இன்னொன்று தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. கறிக்கடையில் ஆட்டுக் குடலை எடுக்கும்போது வலை மாதிரி வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி. அதைக் கிள்ள முடியாது, கண்ணாடியிலும் பார்க்க முடியாது. சர்க்கரை நோய், ரத்தக் கொழுப்பு, ஈரலில் கொழுப்பு, மாரடைப்பு என்று நாம் பயப்படுகிற எல்லாவற்றுக்கும் நெருங்கிய உறவு இந்த உள் கொழுப்புதான். குடல் பக்கத்து ரத்தம் நேராக ஈரலுக்குப் போகிறது. அங்கே கொழுப்பு மிதமிஞ்சினால் முதலில் அடி வாங்குவதும் ஈரல்தான்.

வெளிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குற்றவாளி இல்லை. 2004-ல் வந்த ஓர் ஆய்வில், மிகவும் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை அறுவைச் சிகிச்சையாக உறிஞ்சி எடுத்தார்கள். பத்து கிலோ! மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ, ரத்த அழுத்தத்திலோ, ரத்தக் கொழுப்பிலோ முன்னேற்றம் ஒன்றும் இல்லை. பார்வைக்கு வயிறு சின்னதானதோடு சரி.

உள் கொழுப்பு சொன்ன பேச்சைக் கேட்கிற ரகம். 'சேமித்ததை எடு' என்ற சேதி வந்தால் சட்டென்று கதவைத் திறந்துவிடும். அதனால் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே, அதாவது உங்களுக்கு 3 கிலோ நிஜமான கொழுப்பு குறைந்தாலே, உள்ளே இருப்பது அதைவிடப் பெரிய பங்காகக் குறைந்திருக்கும். கிள்ளினால் வருவது அப்போதும் கையில் வந்துகொண்டுதான் இருக்கும். நம் பெண்கள் கண்ணாடியைப் பார்த்து, "ஒண்ணும் நடக்கல" என்று மூன்றாவது மாதம் விட்டுவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். நடக்க வேண்டியது உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

கை, கால் ஒல்லி, வயிறு மட்டும் பெரிது என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த வினை இல்லை, நம் நாட்டு உடம்பு வாகு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இங்கிலாந்துக்காரரான அவருடைய நண்பரும் 2004-ல் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேருக்கும் உயரத்துக்கு எடை என்ற கணக்கு ஒன்றுதான், 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் இங்கிலாந்துக்காரருக்கு நூற்றுக்கு 9, யாக்னிக்குக்கு 21. ஒல்லியாகத் தெரிகிற இந்தியர்களிடம் கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதனால்தான் நமக்கு இடுப்பளவின் எல்லையையும் இறக்கி வைத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. உங்கள் கணக்கில் முப்பத்தொன்றரை இஞ்ச். நீங்கள் 37-ல் இருக்கிறீர்கள். 44 வயது வேறு. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறைய, இதுவரை பின்பக்கத்திலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு இனி வயிற்றில் சேரத் தொடங்கும். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. அதற்காகப் பார்க்காமல் இருந்துவிடவும் முடியாது.

உள் கொழுப்பைத் தனியாகக் குறைக்கிற உணவு இல்லை என்றேன். அதைத் தனியாக ஏற்றிவிடுகிற பழக்கங்கள் உண்டு, வேடிக்கைதான். டென்மார்க்கில் ஓர் ஆய்வு, 2012-ல் வந்தது. ஒரு குழு தினம் ஒரு லிட்டர் கோலா, இன்னொரு குழு ஒரு லிட்டர் பால், மற்றவர்கள் தண்ணீரும் சர்க்கரை இல்லாத கோலாவும் என்று ஆறு மாதம் குடித்தார்கள். கோலாக் குழுவுக்கு ஈரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு ஏறியது. கிட்டத்தட்ட அதே கலோரி உள்ள பால் குடித்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. நீங்கள் கோலா குடிக்கிறவர் இல்லை என்று தெரியும். ஆனால் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எத்தனை டீ குடிக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். தினம் நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். சேர்க்கிற சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதில் டீயோடு வரும் பிஸ்கட், வர்க்கி, வடை கணக்கில் வரவில்லை. "சர்க்கரையை விட்டுட்டேன், கருப்பட்டிதான்" என்பவர்கள் சாயல்குடி பக்கத்தில் இருந்து வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள். கருப்பட்டி மணமாக இருக்கும், கொஞ்சம் தாதுச்சத்தும் இருக்கும். கலோரியில் அது சர்க்கரையின் சொந்தத் தங்கச்சி.

இரண்டாவது பழக்கம், தூக்கத்தைக் குறைப்பது. ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வந்தால் இரவு ஒரு மணி வரை மிஷின் ஓட்டுகிறவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் மேயோ கிளினிக் 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பருமன் இல்லாத 12 பேரை இரண்டு வாரம் இரவில் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். தினமும் 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை அரை கிலோ அளவுக்குத்தான் ஏறியது, உள் கொழுப்பு மட்டும் நூற்றுக்கு 11 பங்கு கூடிவிட்டது. பன்னிரண்டு பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் தையல் சீசன் முடிந்ததும் வயிறு போட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்புவேன்.

இனி தட்டு. அந்த 28 நாள் டயட்டை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை, மண்டபம் பக்கத்தில் இருந்துகொண்டு மீனை நிறுத்தச் சொன்னால் என்ன அர்த்தம்? நம் கடற்கரையில் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு வாசலில் வந்து இறங்குகிறது. நெத்திலி, சூடை, காரல் எல்லாம் விலை குறைந்த சரக்கு. பெரிய மீனைவிட எந்த விதத்திலும் மட்டம் இல்லை. நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் இருக்கிறது. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 50 கிராமாவது வேண்டும். புரதம் வயிற்றில் அதிக நேரம் நிற்கும், பசி சீக்கிரம் வராது, தசையும் கரையாது.

நம் சாப்பாட்டில் சிக்கல் மீனில் இல்லை, மீனுக்குக் கீழே இருக்கும் சோற்று மலையில். தட்டு நிறையச் சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். காய் என்பது சாம்பார் வைக்கிற நாளில்தான். அப்படி ஒரு தட்டுச் சோறு 400 கிராம் இருக்கும், அதுவே 500 கலோரிக்கு மேல். கடலுக்குப் போய் விடிய விடிய வலை இழுக்கிறவருக்கு அது சரி. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கலாம். ஒரே கரண்டியால் அவருக்கும் உங்களுக்கும் ஒரே அளவு போடுவதுதான் தப்பு. நீங்கள் மிதிப்பது மிஷின், அதுவும் இப்போது மோட்டார் வைத்ததாக இருக்கும்.

அதனால் சோற்றை நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். நிரந்தரமாகப் பாதி. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே அளந்து போட்டுவிடுங்கள், அப்புறம் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த இடத்தில் காயோ கீரையோ வரட்டும். முருங்கைக்கீரைக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. கத்தரி, வெண்டை, புடலை, பூசணி என்று எது மலிவோ அது. மீன் துண்டு இரண்டு என்றால் மூன்றாகட்டும், ஆனால் குழம்பில் இருந்து. தினமும் பொரித்தால் நல்ல மீனும் எண்ணெய் உறிஞ்சும் பஞ்சாகிவிடும். வாரம் ஒரு நாள் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் புரட்டி எடுங்கள், போதும். ரேஷன் பாமாயிலோ கடலை எண்ணெயோ, வீட்டில் ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்டாமல் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை ஏறும். அப்போது எல்லோரும் கருவாட்டுக்கு மாறுவோம். கருவாட்டில் புரதம் உண்டு, உப்பும் அள்ளிக்கொண்டு வரும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை என்று மாற்றிக்கொண்டு, கருவாட்டை வாசனைக்கு மட்டும் வையுங்கள்.

இரவு வேலை முடித்து ஒன்பதரை மணிக்கு நான்கு தோசை என்பது உங்கள் மாதிரி பெண்களிடம் நான் பார்க்கும் வழக்கம். ஏழரைக்கே மிஷினை விட்டு எழுந்து இரண்டு தோசை, ஒரு முட்டை, கொஞ்சம் சட்னி என்று சாப்பிட்டுவிட்டு மறுபடி மிஷினில் உட்காருங்கள். இந்த நேரக் கணக்கில் மந்திரம் எதுவும் இல்லை. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் விரதத்தைச் சீனாவில் 139 பேரை வைத்து ஒரு வருஷம் சோதித்தார்கள். அதே கலோரியை நாள் முழுக்கப் பரப்பிச் சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு எடையோ இடுப்போ சொல்லும்படி கூடுதலாகக் குறையவில்லை. சீக்கிரம் சாப்பிட்டால் பத்து மணி மிக்சர் டப்பா திறக்காது என்பதுதான் என் கணக்கு.

மாமியார் சொன்ன கொள்ளு நல்ல தானியம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது சும்மா வந்த பேச்சு இல்லை. புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். ரசம் வையுங்கள், துவையல் அரையுங்கள், சோற்றுக்குப் பதிலாக ஒரு வேளை கஞ்சியும் குடியுங்கள். சோறும் சாப்பிட்டு மேலே கஞ்சியும் குடித்தால் எள்ளு வேலையைத்தான் கொள்ளு செய்யும். கடல்பாசியும் அப்படித்தான். அதில் இருப்பது பெரும்பாலும் நார்ச்சத்து, கொழுப்பைக் கரைக்கும் சக்தி இல்லை. நம் ஊரில் பாசி எடுக்கிற பெண்கள் உறுதியாக இருக்கிறார்கள் என்றால், அது பாசியைத் தின்று இல்லை, மணிக்கணக்கில் கடலில் முங்கி முங்கி எடுப்பதால். நோன்புக் காலத்தில் கீழக்கரையில் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுகிற கடல்பாசி வேறு விஷயம், அது ருசிக்கு. பாசி மாத்திரை, பாசிப் பொடி என்று விற்பதில் அயோடின் அளவு தாறுமாறாக இருக்கலாம், தைராய்டு உள்ளவர்களுக்கு ஆகாது. ஆப்பிள் வினிகர் எடையை மளமளவென்று குறைக்கிறது என்று 2024-ல் லெபனானில் இருந்து வந்த ஆய்வை, கணக்கு சரியில்லை என்று 2025-ல் அந்தப் பத்திரிகையே திரும்பப் பெற்றுவிட்டது. குடம்புளி மாத்திரையால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. உங்களுக்கு அனுப்பிய பொடியில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதவில்லை என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். போன காசு போகட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு முறை பிள்ளை பெற்ற வயிறு என்பதால், முன்னால் தள்ளி நிற்பது முழுவதும் கொழுப்பாக இருக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் இரண்டு பக்கத் தசையும் விலகும், சிலருக்கு அது திரும்பச் சேராது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் நடுக்கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினால், அது டயட்டால் தீராது. பிசியோதெரபி நிபுணரிடம் பயிற்சி கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை வயிற்றை மடக்கி எழும் பயிற்சியைச் செய்யாதீர்கள், விலகல் கூடலாம். பஸ்ஸில் அந்தப் பெண் பார்த்தது இதுவாகவும் இருக்கலாம்.

நடக்கச் சொன்னால், "ரோட்டில் நடந்தா ஊர் பேசும்" என்பார்கள். ஒரு காலத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை வைத்து மைல் கணக்கில் தண்ணீர் தள்ளி வந்தார்கள், அப்போது யாரும் பேசவில்லை. அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டும் என்று சொல்லமாட்டேன், என் அம்மா தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த உழைப்பு போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை என்பதும் உண்மை. வாரம் 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தால் எடை குறையாவிட்டாலும் உள் கொழுப்பு குறையும். தெருவில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விடிகாலையில் கடற்கரைப் பக்கம் போய்விடுங்கள். மணலில் நடப்பது ரோட்டைவிடக் கடினம், அதனால் நேரம் குறைவாக இருந்தாலும் வேலை நடக்கும். மிஷினில் ஒரு துணி முடிந்ததும் எழுந்து நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள்.

உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, இடுப்பு 37 இஞ்ச், வயது 44. எனக்கு வயிற்றைவிட இதுதான் முக்கியம். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, தைராய்டு பாருங்கள். எல்லாம் அங்கேயே இல்லாவிட்டால் எங்கே எடுக்கலாம் என்று சொல்வார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி நடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது, அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலே. ஒருவேளை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதன் பிறகு சோற்றை அடியோடு நிறுத்துகிற கீட்டோவோ பட்டினியோ அவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சில மாத்திரைகளோடு அது உயிருக்கே ஆபத்து. வயிறு திடீரென்று பெருத்தாலோ, கல் மாதிரி இருந்தாலோ, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டாலோ, மாதவிடாய் தாறுமாறாக வந்தாலோ அதைத் தொப்பை என்று விட்டுவிடக் கூடாது, ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அளவு எடுப்பதில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரே ஒரு திருத்தம். ஜாக்கெட்டுக்கு எடுக்கும் இடத்தில் வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், காலையில், வெறும் வயிற்றில், மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில் எடுங்கள். சாயங்காலம் எடுத்தால் வாயுவும் சேர்ந்து அளக்கும். வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டில் உங்கள் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை எழுதிவையுங்கள். நாலைந்து மாதத்தில் இரண்டு இஞ்ச் குறைந்தால் அது நல்ல வேகம். உங்கள் உயரத்தில் பாதி 76 சென்டிமீட்டர், கடைசியில் அந்தப் பக்கம் போனால் சந்தோஷம். போகாமல் 34 இஞ்சில் நின்றுவிட்டு, ரத்த ரிப்போர்ட் நன்றாக வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். சோற்றைப் பாதியோடு நிறுத்தலாமா, இன்னும் குறைக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.